கட்டணப் பட்டியலும் கட்டுப்படியாகும் கல்வியும்

ஆண்டுதோறும் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியானதும் நம்மவர் மண்டபங்களில் உயர்கல்விக் கண்காட்சிகள் தொடங்கிவிடுகின்றன. எந்தத் துறைக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் எவ்வளவு கட்டணம் என்று கட்டம் போட்டு எழுதி, மிகக் குறைந்த தொகையைச் சுற்றி வட்டமிட்டு, ஏழை மாணவனுக்கு ஏற்றது இதுவே என்று அறிவுரை கூறும் வழக்கம் அங்கெல்லாம் வேரூன்றிவிட்டது. மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல் என்று நீளும் அப்பட்டியலின் அடிவரிசையில் சமூகப் பணி இளங்கலைப் பட்டத்துக்கும் சில வேளைகளில் ஓரிடம் கிடைக்கிறது. மதிப்பெண் குறைந்தோர்க்கு உரியது, செலவும் குறைவு என்பது அதற்குத் தரப்படும் விளக்கம்.

இப்பட்டியல் பொய் சொல்லவில்லை. கட்டணம் என்ற ஒன்றை மட்டும் காட்டிவிட்டு, செலவு முழுவதையும் காட்டிவிட்டதாகப் பாவனை செய்கிறது. நம் பெற்றோர் அதை நம்புகின்றனர். நம் சங்கங்களும் அதையே அளவுகோலாகக் கொண்டு கல்வி நிதியைப் பங்கிடுகின்றன. நம் பிள்ளைகள் இத்துறையில் மிகச் சிலரே இருப்பதற்கு ஆர்வமின்மையைக் காரணமாகச் சொல்வோர், இந்தக் கணக்கைச் சற்றே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் பட்டியல் கூறுவதைப் பார்ப்போம். சமூகப் பணியை ஒரு பட்டப் படிப்பாக இந்நாட்டில் முதன்முதலில் தொடங்கியது பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், ஆண்டு 1975. பின்னர் 1992-இல் நிறுவப்பெற்ற சரவாக் பல்கலைக்கழகம் தொடக்க ஆண்டுகளிலேயே இத்துறைக்கு இடமளித்தது. சிந்தோக்கிலுள்ள வட மலேசியப் பல்கலைக்கழகம், சபா பல்கலைக்கழகம், திரங்கானுவின் சுல்தான் சைனால் அபிடின் பல்கலைக்கழகம், பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் ஆகியனவும் இன்று இதனைக் கற்பிக்கின்றன. இவையனைத்தும் அரசுப் பல்கலைக்கழகங்கள். கல்விச் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்பதால், மாணவர் செலுத்தும் கட்டணம் படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்தே சில ஆயிரம் வெள்ளியில் அடங்கிவிடும். தனியார் கல்லூரியில் ஒரு சமூக அறிவியல் பட்டம் பெறப் பல்லாயிரம் வெள்ளி வேண்டும். ஆதலின் அரசுப் பல்கலைக்கழகமே மலிவு என்பதில் எவர்க்கும் ஐயமிருக்க முடியாது. இதனைச் சொல்வதற்கு ஒரு கண்காட்சியும் தேவையில்லை.

ஆனால் மாணவன் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறானா? இல்லை. பொது விண்ணப்பத்தில் தன் விருப்பங்களை வரிசைப்படுத்தி எழுதுகிறான். இடத்தை ஒதுக்குவது வேறொருவர் கை. டெங்கிலில் வசிக்கும் மாணவிக்குப் பாங்கி கிடைத்தால் பேருந்திலும் மோட்டார்சைக்கிளிலும் போய்வரலாம். சிந்தோக் கிடைத்தால் நாட்டின் வடகோடி. கோத்தா சமரகானோ கோத்தா கினபாலுவோ கிடைத்தால் விமானமேறிக் கடல் கடக்க வேண்டும். ஒரே பட்டம், ஏறத்தாழ ஒரே கட்டணம். குடும்பத்தின் மீது விழும் பாரம் மட்டும் ஒன்றல்ல. பட்டியலில் இந்தத் தூரத்துக்கு ஒரு கட்டம் கூட ஒதுக்கப்படவில்லை.

எங்கள் ஊரிலேயே ஒரு பெரிய உயர்கல்வி வளாகம் உண்டு. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கல்வி மையம் டெங்கிலில்தான் இருக்கிறது. அது பூமிபுத்ரா மாணவர்க்கென அமைந்தது. அதன் மதிலோரமாகப் பள்ளிக்கு நடந்து செல்லும் நம் பிள்ளைகளுக்கு உரியதன்று. அந்த ஏற்பாட்டைப் பற்றி வழக்காட இக்கட்டுரை எழுதப்படவில்லை. உயர்கல்விக் கூடம் அருகிலிருப்பதும் அது எட்டுவதும் வேறு வேறு என்பதற்காகவே சொல்கிறேன். நம் மாணவர் பெரும்பாலோர்க்கு எஞ்சும் நேர்வழி ஆறாம் படிவம். ஒன்றரை ஆண்டு காத்திருந்து, எஸ்.டி.பி.எம். எழுதி, பிறகு இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் காலத்துக்கும் சோறு வேண்டுமன்றோ?

இனிக் கணக்குக்கு வருவோம். ஆசிரியர் தொழில் கணக்கின்றி நடவாது.

ஒரு மாணவன் நாளொன்றுக்கு உணவுக்கு 15 வெள்ளி செலவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 450 வெள்ளி. ஆண்டில் ஒன்பது மாதம் வளாகத்தில் இருந்தால் 4,050 வெள்ளி. நான்காண்டுப் படிப்பாயின் 16,200 வெள்ளி. கட்டணம் முழுவதையும் விழுங்கி ஏப்பம் விடக்கூடிய தொகை இது. விடுதி வாடகை, பயணம், மடிக்கணினி, புத்தகம் ஆகியன இதில் சேரவில்லை.

இதனினும் பெரியது ஒன்று உண்டு. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி. பள்ளி முடித்த பிள்ளை தொழிற்சாலைக்கோ கிடங்குக்கோ போனால் ஆண்டுக்கு 20,400 வெள்ளி வீட்டுக்கு வரும். நான்கு ஆண்டில் 81,600 வெள்ளி. அப்பிள்ளை படிக்கப் போனால் அத்தொகையைக் குடும்பம் இழக்கிறது. வசதியுள்ள வீட்டில் இவ்விழப்பை எவரும் உணர்வதில்லை. தந்தை பாதுகாவலராகவும் தாய் துப்புரவுப் பணியாளராகவும் உள்ள வீட்டில் இதுதான் முதற் கேள்வி. கட்டணம் மலிவு என்று நாம் எடுத்துக் காட்டும்போது அத்தாய் மௌனமாக இருப்பதைக் கண்டு, கல்வியின் அருமை தெரியாதவர் என்று முடிவு கட்டுகிறோம். அவர் மனத்துள் ஓடும் கணக்கு நம் பட்டியலைவிடத் துல்லியமானது.

கடன் இருக்கிறதே என்பர். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், பி.டி.பி.டி.என்., பல்லாயிரவரைப் படிக்க வைத்திருக்கிறது. அதன் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடே. அதனைக் குறை சொல்பவன் அல்லேன். ஆயினும் கடன் செலவைக் குறைப்பதில்லை. பின்னாளுக்குத் தள்ளி வைக்கிறது. அரசுப் பல்கலைக்கழக மாணவனுக்குக் கட்டணம் போகக் கடனில் ஏதோ மிஞ்சும். அதைக் கொண்டு உண்பான். தனியார் கல்லூரி மாணவனுக்குக் கடன் முழுதும் கட்டணத்துக்கே போதாது. அப்படிப் படித்து வெளிவந்தபின் திருப்பிச் செலுத்தும் வலிமையை அந்தப் பட்டம் தருகிறதா என்பதே அடுத்த வினா. மருத்துவர் தரும் மாதத் தவணையும், தொண்டு நிறுவனமொன்றில் சிற்றூதியம் பெறும் சமூகப் பணியாளர் தரும் மாதத் தவணையும் எண்ணில் ஒன்றாயிருக்கலாம், சுமையில் ஒன்றாகா.

சமூகப் பணிப் பட்டத்துக்கே உரிய செலவு ஒன்று உண்டு. அதனைப் பட்டியலிடுவோர் அறிந்ததாகவே தெரியவில்லை. இப்படிப்பு வகுப்பறையோடு முடிவதன்று. மருத்துவமனை, சிறுவர் இல்லம், முதியோர் இல்லம், நலத்துறை அலுவலகம் போன்ற இடங்களில் பல வாரங்கள் களப்பயிற்சி செய்தாக வேண்டும். அதுவன்றிப் பட்டமில்லை, உலகெங்கும் இத்துறையின் கல்வித் தரம் அவ்வாறே வகுக்கப்பட்டிருக்கிறது. பயிற்சிக் காலத்தில் மாணவர் முழுநேரம் உழைக்கிறார், ஊதியம் இல்லை. மாலையில் உணவகத்திலோ கடையிலோ செய்து வந்த பகுதிநேர வேலையையும் விட நேர்கிறது. வாடகைக்கு அறை, அலுவலகத்துக்கேற்ற உடை, நாள்தோறும் பயணம் எல்லாம் கைப்பொறுப்பு. வரவு நின்று செலவு ஏறுகிற காலம் அது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். கற்பித்தல் பயிற்சிக்குச் சென்ற நாள்களில் பயிற்சியாளருக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. இன்றும் ஆசிரியர் கல்விக் கழகங்களில் பயில்வோர்க்கு அரசு அத்தொகையை வழங்குகிறது. அது பெருந்தொகை அன்று. ஆனால் தோட்டப்புறத்திலிருந்து வந்த எத்தனையோ பேர் ஆசிரியரானதற்கு அச்சிறு தொகையே காரணம். தமிழ்ப்பள்ளிகளுக்குத் தமிழாசிரியர் கிடைத்தது நம் மொழிப்பற்றால் மட்டும் என்று மேடையில் முழங்குகிறோம். பயிற்சிக் காலத்தில் பசியின்றி இருக்க முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. பள்ளியில் பிள்ளையைப் பயிற்றுவிப்பவருக்கு உண்டு. அதே பிள்ளையின் வீட்டைச் சீர்செய்யப் பயில்பவருக்கு இல்லை. இது என்ன நியாயம்?

பிற நாடுகள் இதைக் காணாமலில்லை. இங்கிலாந்தில் 2003-இல் சமூகப் பணி பட்டப் படிப்பாக்கப்பட்டபோதே அத்துறை மாணவர்க்கெனத் தனி உதவித்தொகையும் ஏற்படுத்தப்பட்டது. ஆஸ்திரேலியா 2025 ஜூலை முதல் ஆசிரியம், தாதிமை, மகப்பேற்றுத் தாதிமை, சமூகப் பணி ஆகியவற்றைப் பயில்வோருள் வசதி குறைந்தோர்க்குக் கட்டாயக் களப்பயிற்சிக் காலத்தில் வாரத்துக்கு 300 டாலருக்கு மேல் தருகிறது. இவை செல்வ நாடுகள் என்று ஒதுக்குவோர் இந்தியாவைப் பார்க்கட்டும். 1936-இல் பம்பாயில் தோன்றிய டாட்டா சமூக அறிவியல் கழகம் அந்நாட்டுச் சமூகப் பணிக் கல்விக்குத் தாய்வீடு. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கு விடுதி, உணவுக் கட்டணங்களில் அளித்து வந்த சலுகையைத் திரும்பப் பெற்றதை எதிர்த்து, 2018 பிப்ரவரியில் மும்பை, துல்ஜாப்பூர், ஐதராபாத், குவாஹாத்தி ஆகிய நான்கு வளாகங்களிலும் மாணவர் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அவர்கள் போராடியது எதற்கு? பாடக் கட்டணத்துக்கு மட்டுமா? சோற்றுக்கும் படுக்கைக்கும் சேர்த்தன்றோ!

இவ்விடத்தில் வரலாற்றுச் செய்தி ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1952 என்னும் ஒரே ஆண்டில், தமிழர் நன்கறிந்த மூன்று நகரங்களில் சமூகப் பணிக் கல்வி வேர்விட்டது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப் பணிப் பள்ளியைத் தோற்றுவித்தார். கொழும்பில் ஒரு கழகம் எழுந்தது. சிங்கப்பூரில், அப்போதைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறை தொடங்கிற்று. நம் நாட்டிலோ நலத்துறை 1946-இலேயே வந்துவிட்டது. சயாம் மரண ரயில் தின்று தீர்த்தவர்களின் விதவைகளும் அநாதைகளும் தோட்டந்தோறும் நின்ற காலம் அது. அத்தகைய துயரைக் கையாளப் பயிற்றும் பட்டப் படிப்பு இந்நாட்டில் தொடங்க மேலும் 29 ஆண்டுகள் பிடித்தன.

தொண்டு செய்ய மனம் போதாதா, அதற்கும் ஒரு பட்டமா என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே உளர். நல்லவர்கள்தாம். பெருநாள் வந்தால் அரிசி மூட்டையும் எண்ணெய்ப் போத்தலும் கொடுப்பவர்கள். (கொடுக்கும் கை, வாங்கும் கை, இரண்டுக்கும் நடுவே பதாகை என்று படம் பிடிப்பதை நிறுத்தினால் இன்னும் நல்லவர்களாயிருப்பர்.) அவர்களை ஒன்று கேட்கிறேன். பிறந்து அறுபது நாளுக்குள் பதியப்படாத குழந்தைக்குத் தாமதப் பதிவு செய்ய எந்தெந்தச் சான்று வேண்டும் என்பதை அரிசி மூட்டை அறியுமா? கோயிலில் தாலி கட்டியதோடு திருமணம் முடிந்தது என்று இருந்துவிட்ட இணையர் எத்தனை பேர்! 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்தபின் பதிவில்லாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமன்று. தாய் வெளிநாட்டவராயின் அப்பிள்ளை தந்தையின் குடியுரிமையைப் பெறுவதில்லை. தாயின் நிலையே பிள்ளைக்கும். அப்பிள்ளை முதலாம் ஆண்டில் சேர வரும்போது அதன் கையில் இருக்கும் தாளைப் பார்த்துத் தலைமையாசிரியர் என்ன செய்வார்? செய்யத் தெரிந்ததைச் செய்வார். அது பல வேளைகளில் போதாது.

சிறுவர் நீதிமன்றத்தை எடுத்துக்கொள்வோம். 2001-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின்படி, குற்றம் புரிந்த சிறுவனைப் பற்றி நீதிபதி ஆணையிடுமுன் அவனது குடும்பம், நடத்தை, பள்ளி, உடல்நலம் பற்றிய நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை ஆராய வேண்டும். அந்த அறிக்கை மலாயில் எழுதப்படும். ஆனால் அதற்கான உண்மை தமிழில் கிடக்கிறது. பாட்டி தமிழில்தான் அழுவார். தந்தையின் குடியைப் பற்றி அண்டை வீட்டார் தமிழில்தான் தாழ்ந்த குரலில் சொல்வர். இரு மொழிக்கும் நடுவே நின்று, கேட்டதைத் திரிக்காமல் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அப்பையன் சீர்திருத்தப் பள்ளிக்குப் போவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்பதே மாறிவிடக்கூடும். மனமிருந்தால் மட்டும் இது வருமா? பயிற்சி வேண்டும்.

எங்கள் டெங்கிலைப் பாருங்கள். 1995-இல் புத்ராஜெயா நகரப் பணிகள் தொடங்கியபோது, பிராங் பெசார் முதலிய தோட்டங்களில் தலைமுறையாக வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் இடம்பெயர்ந்து டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்தனர். அக்கட்டடங்களின் விரிசல் பற்றியும் தரைவீடு கோரி அவர்கள் நடத்திய நெடும் போராட்டம் பற்றியும் நாளேடுகள் நிறைய எழுதியுள்ளன. சுவர் விரிசல் கண்ணுக்குத் தெரியும். தோட்டத்தில் ஆயாக்கொட்டகையும் கோயிலும் லயத்துத் திண்ணையும் ஒருவரையொருவர் கண்காணித்துத் தாங்கிய வாழ்வு, மாடிப்படிகளில் சிதறிப்போனது கண்ணுக்குத் தெரியாது. தோட்டம் விட்டு நகரோரம் வந்த நம் மக்கள் எங்கெல்லாம் குடியேறினார்களோ, கிள்ளானாயினும் வேறெங்காயினும், அங்கெல்லாம் இதே கதை. அதைப் படித்தறியும் கண்ணைத்தான் இந்தப் பட்டப்படிப்பு தருகிறது. பிரிக்பீல்ட்ஸ் வீதியில் சட்டம் பயிலக் கல்லூரி தேடி வரும் நம் பிள்ளைகள் ஆயிரம். வழக்கறிஞரிடம் போகும் நிலைக்கு ஒரு குடும்பம் வருமுன் அதைத் தடுக்கக் கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

இத்துறைக்கு மதிப்பில்லாமற் போனதில் அரசுக்கும் பங்குண்டு. சமூகப் பணிப் பட்டம் பெறாதவரும் நலத்துறையில் அதிகாரியாகலாம்; எவரும் தம்மைச் சமூகப் பணியாளர் என்று அழைத்துக்கொள்ளலாம் என்பதே நெடுங்கால நடைமுறை. இத்தொழிலுக்கெனத் தனிச் சட்டம் இயற்ற 2010-இல் அமைச்சரவை இசைவளித்தது. பிறகு ஆண்டு பல உருண்டன; அமைச்சர் பலர் வந்து போயினர்; மசோதா விரைவில் வரும் என்ற அறிவிப்பு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. மருத்துவப் பட்டமின்றி ஊசி போட முடியாது. சட்டப் பட்டமின்றி வழக்காட முடியாது. பட்டமின்றியும் செய்யலாம் என்று விடப்பட்ட வேலைக்குப் பட்டம் பெற எவன் 81,600 வெள்ளியை இழப்பான்? படிப்புக்குப் பின் கிடைப்பது யாது என்பதையும் சேர்த்தே கட்டுப்படியாவதைக் கணக்கிட வேண்டும். சிவப்பு வட்டம் போடுவோர் இதையும் விட்டுவிட்டனர்.

அரசைக் குறை கூறிவிட்டு அமர்ந்துவிடுவது எளிது. நம் கைப்பணம் எங்கே போகிறது? 1984-இல் கல்வி மேம்பாட்டுக் கழகம் ஒன்றை நிறுவினோம். 2001-இல் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைக் கண்டோம். இரண்டும் பெருமைக்குரியன. எனினும் நம் கனவு மருத்துவரை விட்டு நகரவில்லை. வீட்டை அடகு வைத்தும் பிள்ளையை மருத்துவனாக்கத் துணியும் தந்தை, மகள் சமூகப் பணி படிக்க விரும்பினால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்குகிறார். சங்கங்களின் உபகாரச் சம்பள அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். கட்டணத்துக்கு ஒரு முறை காசோலை, மேடை, மாலை, முடிந்தது. கட்டணம் ஏற்கெனவே குறைவாயுள்ள படிப்புக்கு அந்தக் காசோலையும் சிறியதாகிவிடுகிறது. மலிவான படிப்பு என்ற பெயராலேயே அம்மாணவிக்கு உதவி மறுக்கப்படுகிறது.

நான் கேட்பது மாதப்படி. ஒரு மாணவிக்கு மாதம் 450 வெள்ளி, படிப்பு முடியும் வரை. களப்பயிற்சி மாதங்களில் அதன் இரு மடங்கு. பத்து மாணவர்க்குக் களப்பயிற்சி நீங்கலாக ஆண்டுக்கு 40,500 வெள்ளி ஆகும். ஓர் ஆண்டு விழாவின் விருந்துச் செலவைக் கணக்கில் காட்டத் தயங்காத சங்கங்கள் இத்தொகையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது இன்று நாம் மனத்தால் எண்ணிப் பார்க்க வேண்டிய தொகை. அதைக் கொடுத்தவர்கள் தோட்டங்களுக்கே பங்குதாரராயினர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள். தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுக்கு மேல் உள்ளன. பள்ளிக்கு மாதம் பத்து வெள்ளி என்றாலும் மாதம் ஐயாயிரம், ஆண்டுக்கு அறுபதாயிரம். பயிற்சிக் காலத்து இரட்டிப்புத் தொகையும் அதில் அடங்கிவிடும்.

படித்து முடித்தவர் இத்தனை ஆண்டு தமிழ்ப்பள்ளி வட்டாரத்தில் பணிபுரிய வேண்டும் என்று முறி எழுதி வாங்கலாம் என்றொரு யோசனை சொல்லப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலைக்கு இடத்தை நாம் உருவாக்காமல் வேலை செய்யும் கடமையை மட்டும் பிள்ளையின் தலையில் கட்டுவது முறையாகாது. அதற்கு முன் செய்யத்தக்கது ஒன்று இருக்கிறது. மாணவர் தொகை குறைந்த தமிழ்ப்பள்ளிகளுக்கு முழுநேர நெறியுரை ஆசிரியர் கிடைப்பதில்லை. சமூகப் பணி மாணவர்க்கோ களப்பயிற்சிக்கு இடம் வேண்டும். இரண்டையும் இணைக்கத் தடையாயிருப்பது ஒன்றே: பயிற்சி மாணவரை மேற்பார்வையிடத் தகுதி பெற்ற ஒருவர் அருகில் இருக்க வேண்டும், பள்ளியில் அத்தகையவர் இல்லை. ஆனால் நலத்துறையிலும் மருத்துவமனைச் சமூகப் பணிப் பிரிவிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். வட்டாரந்தோறும் நான்கைந்து பள்ளிகளுக்கு அவர்களுள் ஒருவர் பொறுப்பேற்றால் பல்கலைக்கழகங்களை அணுகிப் பேசலாம். பாங்கியிலிருந்து டெங்கிலுக்கு அரைமணிப் பயணம்தான். முதற் கடிதத்தை எழுத வேண்டியவர்கள் தலைமையாசிரியர்களாகிய நாம். அவ்வாறு ஓய்வு பெற்றோரின் பெயர்களை இவ்வட்டாரத்தில் திரட்டத் தொடங்கியிருக்கிறேன். பிற வட்டாரத்து நண்பர்கள் தத்தம் பகுதிப் பெயர்களைத் திரட்டி எழுத்தாளர் சங்கத்தின் வழி அனுப்பினால் ஒரே பட்டியலாக்கிவிடலாம்.